தாது வருஷத்து முன்வரிசை

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நூம்பலில் அந்த வருஷம் ஒல்லியாக இருந்தவர்களுக்கெல்லாம் யோகம் அடித்தது. பைபாஸ் பக்கம் புதிதாக வந்த ரிசார்ட்டில் ஆள் எடுக்கிறார்களாம், படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், உடம்பில் சதை மட்டும் இருக்கக் கூடாதாம் என்று பேச்சு பரவியதும் தெருவே கிளம்பிப் போனது. தொப்பை வைத்திருந்தவர்கள்கூட மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆள் பொறுக்கியவன் வினோத். நாடகம் படித்துவிட்டு வந்த முப்பது வயதுக்காரன், எல்லாரையும் அக்கா, அண்ணா என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அளவு நாடா, எடை மெஷின் எதுவும் அவன் வைத்திருக்கவில்லை. கன்னத்தையும் கழுத்து எலும்பையும் ஒரு பார்வை பார்ப்பான், எந்த வரிசை என்று சொல்லிவிடுவான். கல்யாணச் சமையல்காரன் பரந்தாமனின் மனைவி வடிவைப் பார்த்தபோது கொஞ்சம் யோசிக்கக்கூட இல்லை. "அக்கா, நீங்க முன்வரிசை" என்றான்.

காஞ்சிபுரமும் மகாபலிபுரமும் பார்க்க வந்தவர்கள் அங்கே தங்குவார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் பொழுது போக வேண்டும். நீச்சல் குளம் எல்லா ரிசார்ட்டிலும் இருக்கிறது. இங்கே தாது வருஷப் பஞ்சம் இருந்தது. ஆறரை மணிக்கு மணி அடித்தால் விருந்தாளிகள் தோட்டத்துக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு பழங்காலத்துக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் கொடுத்து, கையில் ஒரு அரிக்கேன் விளக்கும் கொடுப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள்தான் வெள்ளைக்காரன் காலத்துக் கஞ்சித்தொட்டி முகாமின் அதிகாரிகள். எதிரே கந்தல் கட்டிய இருபத்து நாலு பேர் மூன்று வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரிகள் கையில் இருப்பது ஆறே ஆறு தகர வில்லை. யார் ரொம்பவும் நொந்துபோயிருக்கிறார்களோ, பார்த்துக் கொடுக்க வேண்டும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று எது வேண்டுமானாலும் கேட்கலாம். உட்கார்ந்திருப்பவர்கள் வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்வார்கள். வினோத் நடுவில் நின்று இங்கிலீஷிலோ இந்தியிலோ மாற்றிச் சொல்வான். வில்லை கிடைத்தவர் எழுந்து நாற்பது அடி நடந்து வந்து கஞ்சி வாங்கிக்கொள்ள வேண்டும். கிடைக்காதவர்களைத் தடுப்புத் தட்டிக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போவார்கள். பின்னால் அவர்கள் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

கஞ்சி ஊற்றுகிற வேலை பரந்தாமனுடையது. பூந்தமல்லியில் எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் அவனைச் சொல்வார்கள். ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைத்தவன். அண்டா தூக்கித் தூக்கி முட்டி போனதும் அந்தப் பிழைப்பு முடிந்தது. இப்போது ஐம்பது வயதில், அழுக்கு வேட்டியைக் கட்டிக்கொண்டு விறகு அடுப்பில் கேழ்வரகும் நொய்யும் கிளறுகிறான். வினோத் அவனுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். "அண்ணா, நீங்க யாரு மொகத்தையும் பாக்கக் கூடாது. ஊத்தி ஊத்தி மரத்துப்போன ஆளு நீங்க." பரந்தாமனும் குனிந்த தலை நிமிராமல் ஊற்றுவான். வடிவு வில்லையை நீட்டும்போது மட்டும் கொஞ்சம் அடியிலிருந்து கெட்டியாக மொண்டு ஊற்றுவான். ஆட்டம் முடிந்ததும் விருந்தாளிகள் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பஃபே பக்கம் போவார்கள். பஞ்சத்து ஜனங்கள் மீதிக் கஞ்சியைப் பச்சை வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். அவன் கை கஞ்சியில் ருசி இருந்தது. யாரும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

வடிவு அந்த முன்வரிசையில் ராணி மாதிரி இருந்தாள். மற்றவர்களுக்குக் கன்னத்தில் கரி தடவிக் குழி போட வேண்டும், இவளுக்கு வேண்டாம். கனிமொழி என்ற பெண்தான் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டாள். புடவைகளை டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்து அழுக்காக்குவது அவள் வேலை. வடிவுக்குக் கட்டிவிடும்போது ஒரு கந்தலே போதும், மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்பாள். பத்து நாளில் ஒன்பது நாள் வடிவுக்கு வில்லை கிடைத்தது. நாக்பூர்க்காரி ஒருத்தி, பாரீஸ்க்காரன் ஒருவன் என்று யார் யாரோ அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள்.

ஆடி மாசம் அவளுக்கு இருமல் வந்தது. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. அந்தத் தெருவுக்கு வருகிற சுகாதார ஊழியர் ராஜம்மா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சளி கொடுக்க வைத்தாள். டிபி என்று வந்தது. பரந்தாமனுக்கும் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கும் பரிசோதனை செய்தார்கள், இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. ஆறு மாசம் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட வேண்டும், இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டால் மற்றவர்களுக்கு ஒட்டாது, வேலைக்குப் போகலாம், வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்று ராஜம்மா சொல்லிவிட்டுப் போனாள். மாத்திரை அட்டையில் ஒரு ஏற்பாடு இருந்தது. மாத்திரையைப் பிதுக்கினால் அதன் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைக்கு மாத்திரை உள்ளே போனதாக அங்கே பதிவாகிவிடும். வடிவு சொந்தத்தில் சாவு என்று பொய் சொல்லி இரண்டு வாரம் லீவு போட்டாள். பிறகு வேலைக்குப் போனாள்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. காலையில் ஆறு இட்லி, மத்தியானம் கருவாட்டுக் குழம்பை ஊற்றி இரண்டு தட்டுச் சோறு. கன்னம் மேடேறியது. வளையல் இறுகியது. பரந்தாமனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கல்யாணம் கட்டின புதிதில் இருந்த முகம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து, இன்னொரு கரண்டி சோறு போட்டான். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை வினோத் அவளைப் பார்த்துச் சிரித்தான். "வீட்ல நல்ல சாப்பாடு போலக்கா. இந்த வாரம் ரெண்டாவது வரிசைல உக்காருங்க, அப்புறம் பாக்கலாம்" என்றான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரம் அவளை மூன்றாவது வரிசைக்கு மாற்றினான். அங்கே இருட்டில் உட்கார்ந்து முனக வேண்டும், அவ்வளவுதான் வேலை. இருபது நாளாக ஒரு விளக்கும் அவள் முகத்துக்கு நேரே வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது வடிவு மறுபடியும் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். கரி தடவியிருப்பாள் என்று பரந்தாமன் நினைத்தான். வீட்டில் அவள் அரைத் தட்டுச் சோறோடு எழுந்ததையும், கிருஷ்ணப்பிரியா கேட்டால் ரிசார்ட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னதையும் பார்த்துக்கொண்டே இருந்தவன்தான். ஆயிரம் பேருக்கு அளவு பார்த்து உலை வைத்தவனுக்கு ஒரு தட்டில் குறைவது தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

கனிமொழிதான் வந்து சொன்னாள். மழையில் நனைந்த உடுப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தவள், வடிவின் புடவைத் தலைப்பை அவனிடம் விரித்துக் காட்டினாள். முடிச்சுப் போட்ட இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கறை.

"இது டிகாஷன் கறை இல்ல அண்ணாத்தே. நான் முக்குற கலரு எனக்குத் தெரியும். முடிச்ச அவுத்தா மாத்திர ஊறிப்போயி கீது. ஒரு புடி மாத்திர. அண்ணி எதுக்கு இத முடிஞ்சிகினு வருது?"

அவள் நோய் என்னவென்று கனிமொழிக்குத் தெரியாது. தலைவலி மாத்திரை என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை மகள் கல்லூரிக்குக் கிளம்பும்வரை வாயைத் திறக்கவில்லை. அவள் குமணன்சாவடியில் பஸ் பிடித்துப் போய் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வருஷம். வெளியே மழை கொட்டியது. தெருத் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. அவர்கள் இருந்தது ஒரே அறை வீடு. ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். பரந்தாமன் அட்டையை எடுத்து அவள் முன்னால் போட்டான். எல்லா மாத்திரையும் ஒழுங்காகப் பிதுக்கப்பட்டிருந்தது.

"எத்தினி நாளாமே துன்னல?"

வடிவு மறைக்கவில்லை. "மூணாவது வரிசையில போட்டாம்பாரு, அன்னிலேர்ந்து. பிரியா கண்ணுல படாம முடிஞ்சிகினு போயி அங்க கொட்டிடுவேன்."

"பைத்தியமா புடிச்சிகீது உனக்கு? ஆறு மாசம்னு அந்தம்மா அடிச்சி அடிச்சி சொல்லல?"

"இருமல் நின்னுடுச்சி, ஜொரம் நின்னுடுச்சி. நோவு போயிடுச்சியா. அப்பறம் இன்னாத்துக்கு மாத்திர? அதப் போட்டா பசிக்குது, துன்னா சத போடுது. சத போட்டா தட்டிக்குப் பின்னால போயி குந்திக்க வேண்டியதுதான்."

"குந்திக்கோ. இப்ப இன்னா கொறஞ்சி பூடுச்சி? பின்வரிசக்காரங்களயும் தொரத்தி உடலியே அவன்."

வடிவு அட்டையைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"அம்பத்தூரு எக்ஸ்போர்ட்டுல பதினோரு வருஷம் நூலு வெட்டனேன். கம்பெனிய மூடுற அன்னிக்கி சூப்பர்வைசரு லிஸ்ட்டப் பாத்துதான் எம்பேர சொன்னாரு. எதிர நிக்கிறது நான்தான்னு அவருக்குத் தெரியல. இங்க எங்கேர்ந்தோ வந்தவங்க வெளக்க தூக்கிப் பாத்து, இத்தினி பேருல இவதான்னு என்கிட்ட வராங்க. நான் பேசறது ஒண்ணும் புரியல, ஆனா வாயப் பாத்துகினே குந்தறாங்க. உனக்கு அது ஆட்டம்யா. எனக்கு அந்த அஞ்சி நிமிஷம் இல்லன்னா நான் யாரு?"

பரந்தாமன் மாத்திரை, வியாதி, ராஜம்மா சொன்னது என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவளும் திரும்பத் திரும்ப உடம்பில் ஒன்றுமில்லை என்றாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். பொங்கலோடு சீசன் முடிகிறது. அதுவரை விட்டுவிடு. தை பிறந்ததும் முதல் மாத்திரையிலிருந்து புதிதாக ஆரம்பித்து ஆறு மாசமும் போடுகிறேன், உன் தலையில் அடித்துச் சத்தியம். பிரியாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவள் லேப் படிப்புப் படிக்கிறவள், ஊரைக் கூட்டிவிடுவாள்.

அந்த இடத்தில் பரந்தாமன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ராஜம்மாவிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பொங்கல்தானே, இரண்டு மாசம்தானே என்று அவனும் தலையாட்டினான். அதில் இன்னொன்றும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று வினோத் சொல்லியும், வடிவைச் சுற்றி ஆறேழு விளக்குகள் கூடுகிறபோது அவன் ஓரக்கண்ணால் பார்ப்பான். என் பெண்டாட்டி என்று உள்ளுக்குள் ஒரு பெருமை ஓடும். அந்தப் பெருமையையும் அவனால் விட முடியவில்லை.

கார்த்திகையில் இருமல் திரும்பி வந்தது. இந்த முறை வறட்டு இருமல் இல்லை, அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆட்டத்தின் நடுவில் அவள் புடவையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். முடிந்ததும் வினோத் ஓடி வந்து, அந்த இருமல் ரொம்ப இயல்பாக இருந்தது, அடக்காதீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அதற்குப் பிறகு அவள் அடக்கவில்லை. வயசான ஒரு விருந்தாளி அவளிடம் கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டாய் என்று கேட்டார். "பொரட்டாசில" என்றாள் வடிவு. வினோத் அதை உருக்கமாக மொழிபெயர்த்தான். கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த பரந்தாமனுக்குக் கை நின்றுவிட்டது.

வீட்டில் வடிவு நடுவில் படுப்பாள். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் மகள். குளிர் காலம், ஒரே ஜமக்காளம். இருமலைப் பற்றி மகள் கேட்டால் வடிவு பனிச் சளி என்றுவிடுவாள். மகள் அவள் மேல் கால் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள், சின்ன வயசிலிருந்து அதே பழக்கம். பரந்தாமன் விரலை மடக்கிப் பொங்கலுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவான். வடிவின் மேல்தான் அவன் கவனம் எல்லாம். அவள் எலும்பைப் பார்த்தான், இருமலைக் கேட்டான், எச்சிலில் ரத்தம் வருகிறதா என்று பார்த்தான். பக்கத்தில் படுத்திருந்தவளை அவன் பார்க்கவே இல்லை. காலையில் சாப்பிடாமல் ஓடினால் பரீட்சை அவசரம் என்று நினைத்தான்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது. அன்றைக்கு நாசிக்கிலிருந்து இரண்டு வேன் நிறைய டூர் கோஷ்டி வந்திருந்தது. எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். ஆட்டம் பாதி நடந்துகொண்டிருந்தபோது கிருஷ்ணப்பிரியா தோட்டத்து வழியாக உள்ளே வந்தாள். சாவியைக் காலையில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள், அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போக வந்தவள். ஆட்டம் நடக்கும்போது குறுக்கே வரக் கூடாது என்று தெரியும் என்பதால், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் மரத்தடியில் ஒதுங்கி நின்றாள். வெளுத்துப்போன பழைய சுடிதார். குளிருக்குத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்தியிருந்தாள்.

ஐந்து வில்லைகள் கொடுத்தாகிவிட்டது. வடிவுக்கு இன்னும் வரவில்லை. ஆறாவது வில்லை கொஞ்சம் வயசான ஒரு டீச்சர் கையில் இருந்தது. அந்தம்மாள் நிதானமானவர். முதல் வரிசையில் ஒவ்வொருவர் முகத்துக்கும் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். வடிவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். வடிவு இருமினாள், கையை நீட்டினாள். அந்தம்மாள் அவள் தலையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை. பிறகு மரத்தடிக்குப் போய், விளக்கைத் தூக்கி, கிருஷ்ணப்பிரியாவின் கையில் வில்லையை வைத்து விரல்களை மூடினார். இந்தியில் என்னவோ சொன்னார்.

வினோத்துக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு தமிழில், "இந்தப் பொண்ணுதான்கிறாங்க. எத்தனையோ பசங்களப் பாத்த கண்ணு, தப்பாதுன்றாங்க" என்றான். கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்து, பரவாயில்லை நடந்து வா என்று கண்ணைக் காட்டினான். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். விளக்குகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

அப்போதுதான் பரந்தாமன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். தினமும் பார்க்கிற மகளைத் தெரியாத ஊர்ப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். கழுத்துக் குழியில் விளக்கு வெளிச்சம் தேங்கி நின்றது. சுடிதார் தோளில் தொங்கியது. நாற்பது அடிதான் தூரம். இருபதாவது அடியில் அவள் நின்று, மார்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு இருமினாள். அந்த இருமல் அவனுக்கு நன்றாகத் தெரிந்த இருமல். வாத்தியார்கள் மெதுவாகக் கை தட்டினார்கள், நன்றாக நடிக்கிறாள் என்று.

கொப்பரை அருகே வந்து நின்றவளுக்கு அவன் கஞ்சி ஊற்றவில்லை. "எத்தினி நாளாம்மா?" என்றான்.

"மூணு வாரம் இருக்கும் நைனா. பரீட்ச முடியட்டும்னு இருந்தேன். அம்மாவே இப்பதான் தேறி வருது, இது வேறயான்னு."

முன்வரிசையில் வடிவு எழுந்து நின்றுவிட்டாள். வினோத் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

மறுநாளே ராஜம்மாவிடம் மூன்று பேரும் போனார்கள். வடிவும் மகளும் சளி கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசு டாக்டரம்மா, மேஜை மேல் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் டிபி. அதோடு இன்னொன்று. இரண்டு பேர் உடம்பில் இருப்பதும் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத கிருமி. அம்மாவுக்கு ஆடி மாசம் பார்த்தபோது அடங்குகிற கிருமியாகத்தான் இருந்தது. இனிமேல் வேறு மருந்து, கடுமையான மருந்து, ரொம்ப நாள் ஆகும், காது, கண், ஈரல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். பாதியில் மாத்திரையை விட்டால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும், நடுவில் நிறுத்தினீர்களா என்று கேட்டார்.

வடிவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜம்மா தன் போனைப் பார்த்துவிட்டு, ஒரு நாள்கூட விடவில்லை மேடம், தினமும் கால் வந்திருக்கிறது என்றாள்.

"நிறுத்தல மேடம்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. அவள் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "எங்கம்மாவுக்கு போன் சரியா பேசத் தெரியாது. தெனம் அட்டையக் கொண்டாந்து காட்டும். நான்தான் என் போன்லேர்ந்து மிஸ்டு கால் குடுப்பேன். ஒரு நாளு உட்டதில்ல. நானே குடுத்தேன் மேடம்."

டாக்டர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து வடிவைப் பார்த்தார். கிருஷ்ணப்பிரியாவும் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். லேப் படிப்புப் படிக்கிற பெண், அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவை விட்டுவிட்டு அவள் கண் அப்பாவிடம் வந்து நின்றது.

"உனக்குத் தெரியுமா நைனா?"

தெரியாது என்று சொல்லப் பரந்தாமனுக்கு ஆசையாக இருந்தது. வாய்வரை வந்துவிட்டது.

"தெரியும்மா" என்றான்.